மியாட்டாவின் அடியில் பெரிய எக்ஸாஸ்ட்டுக்கு இடம்: சில கோடைகள் ஓட்டிய பிறகு

கூரை திறக்கும் இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் காரான மாஸ்டா மியாட்டாவுக்கு வெளியிலிருந்து எக்ஸாஸ்ட் வாங்கி மாட்ட நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது சத்தத்தை, அடுத்தது பவரை. அடியில் அதற்கு இடம் இருக்கிறதா என்று கேட்பவர்கள் குறைவு. என்னிடம் இருப்பது 2002 மாடல், என்பி எனப்படும் இரண்டாம் தலைமுறை, 1.8 லிட்டர் இன்ஜின், ஐந்து கியர். அதில் 304 வகை ஸ்டெயின்லெஸ் எஃகில் செய்த கேட்-பேக் (புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் பின்னால் வரும் குழாயும் சைலன்சரும்) மாட்டிச் சில கோடைகள் ஓட்டியாகிவிட்டது. சத்தம் கொஞ்ச நாளில் காதுக்குப் பழகிவிடும். இடம் சரியாக அமையாவிட்டால் ஒவ்வொரு ஸ்பீடு பம்பிலும் அது தட்டிக்கொண்டே இருக்கும். அதனால் இதில் பெரும்பகுதி இடத்தைப் பற்றித்தான்.

பவரை முதலில் முடித்துவிடுகிறேன். டர்போ இல்லாத 1.8 லிட்டர் இன்ஜினில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் குழாயை மட்டும் மாற்றினால் ஓட்டும்போது உணரும் அளவுக்குப் பவர் கூடாது. அதற்காக வாங்குபவர்கள் பணத்தை நல்ல டயரில் போடலாம். நான் மாற்றியதற்கு இரண்டே காரணங்கள். பழைய சைலன்சர் கனடாவின் ஒன்டாரியோவில் குளிர்காலத்தில் போடும் சாலை உப்பில் ஓட்டை விழுந்து போயிருந்தது. அப்புறம், இந்த வண்டியின் ஒலி எனக்கு முக்கியம். 1989ல் முதல் மியாட்டா வந்தபோதே எக்ஸாஸ்ட் ஒலி எப்படி இருக்க வேண்டும் என்று மாஸ்டா பொறியாளர்கள் தனியாக உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறார்கள். அந்தக் குணம் கெடாமல் கொஞ்சம் கனமான குரல் வேண்டும் என்பதுதான் என் ஆசை.

சரி, இடம். மியாட்டாவின் அடியில் கியர்பாக்ஸையும், பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலையும் இணைக்கும் நீளமான அலுமினியச் சட்டம் ஒன்று நடு டனலில் ஓடுகிறது. மீதமுள்ள ஒடுக்கமான பாதையில் எக்ஸாஸ்ட் குழாய் பின்னால் வந்து, பின் சஸ்பென்ஷனைத் தாங்கும் சப்ஃபிரேமைத் தாண்டி, டிக்கிக்கு அடியில் குறுக்காகப் படுத்திருக்கும் சைலன்சரில் சேர்கிறது. புகை வெளியேறும் வாய் வலது பக்கம். கம்பெனிக் குழாய் ஏறத்தாழ இரண்டு அங்குலம், புதியது இரண்டரை அங்குலம், அதாவது 63.5 மி.மீ. பக்கத்துக்கு ஆறு மி.மீ. தானே கூடுகிறது என்று தோன்றும். அந்த ஆறு மி.மீ. சப்ஃபிரேம் அருகே பெரிய தொகை. வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் கம்பியான ஸ்வே பாரைத் தடிமனானதாக மாற்றியிருந்தால் இன்னும் பெரிய தொகை.

வண்டியை ஜாக் ஸ்டாண்டில் ஏற்றி, குளிர்ந்த குழாயைச் சுற்றி விரலை விட்டுப் பார்த்து "இடிக்கவில்லை" என்று முடிவு செய்வதை நான் நம்புவதில்லை. காரணம் மூன்று. சக்கரங்கள் தொங்கும்போது பின் சஸ்பென்ஷன் ஆர்ம்களும் ஸ்வே பாரும் வேறு நிலையில் இருக்கின்றன. வண்டி தரையில் நின்றால் அவை மேலே வந்துவிடும். இரண்டாவது, ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் இன்ஜின் தன் ரப்பர் மவுன்ட்களில் லேசாகத் திரும்பும், கூடவே குழாயும் திரும்பும். மூன்றாவதுதான் முக்கியம்: குழாய் நீளும். 304 ஸ்டெயின்லெஸ் ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரி செல்சியஸுக்கு, சுமார் 0.017 மி.மீ. விரியும். இரண்டு மீட்டர் குழாய் சராசரியாக 300 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 10 மி.மீ. சாதாரண எஃகு என்றால் 7 மி.மீ. அளவில் நிற்கும். முன்முனை இன்ஜினோடு இறுகியிருப்பதால் இந்த நீட்சி முழுவதும் பின்பக்கம்தான் போகும். குளிர்ந்த நிலையில் சைலன்சருக்கும் பின்னால் இருக்கும் இரும்புக்கும் இடையே ஆறு மி.மீ. இடைவெளி இருந்தால், அரை மணி நேரம் ஓட்டிய பிறகு அது இல்லை.

என் வண்டியில் அந்த இரும்பு எது என்றால், கப்பலிலும் லாரியிலும் ஏற்றும்போது வண்டியைக் கட்டி வைக்கப் பின்னால் போல்ட் செய்திருக்கும் கொக்கி. வலது பக்கக் கொக்கி புது சைலன்சரின் மூலைக்கு நேர் எதிரே வந்தது. ஆலையிலிருந்து ஷோரூம் வந்து சேர்ந்ததோடு அதன் வேலை முடிந்துவிட்டது, கழற்றினால் எந்த நஷ்டமும் இல்லை. போல்ட் துளையைத் துருத்தடுப்பு மெழுகால் அடைத்தேன். இந்த ஊரில் அதைச் செய்யாவிட்டால் இரண்டு குளிர்காலத்தில் அந்தத் துளையைச் சுற்றித் தகடு தின்னப்பட்டுவிடும்.

மற்ற இடங்களை அளக்க நான் செய்தது அலுமினிய ஃபாயில் முறை. சமையலறை ஃபாயிலைக் கசக்கி நெல்லிக்காய் அளவு உருண்டைகளாக்கி, சந்தேகமான இடங்களில் எல்லாம் குழாய்க்கும் பாடிக்கும் நடுவே செருகினேன்: சப்ஃபிரேம் வளைவு, ஸ்வே பார், ஹீட் ஷீல்டின் (சூட்டைத் தடுக்கும் தகட்டின்) மடிப்பு, பம்பரின் மேல் விளிம்பு. பிறகு கலிடன் பக்கம் ஃபோர்க்ஸ் ஆஃப் த கிரெடிட் சாலையில், அந்த ஹேர்பின் வளைவு உட்பட, நன்றாக ஓட்டிவிட்டு வந்து எடுத்துப் பார்த்தேன். ஃபாயில் வெப்பத்தில் உருகாது, நசுங்கினால் திரும்ப எழாது. நசுங்கிய தடிமன்தான் ஓட்டத்தில் அங்கே மிஞ்சிய குறைந்தபட்ச இடைவெளி. ஸ்வே பார் அருகே இருந்த உருண்டை தாள்போலத் தட்டையாகி, அதன் மேல் குழாயின் வெல்டிங் வரி அச்சாகப் பதிந்திருந்தது. அந்த இடத்தில் குழாயைத் துடைத்துப் பார்த்தால், சூட்டில் பொன்னிறமான ஸ்டெயின்லெஸில் ஒரு சின்ன வெள்ளிப் பளபளப்பு. அதுதான் இடிக்கும் புள்ளி.

இதற்குப் பலர் செய்வது கிரைண்டரை எடுப்பது, அல்லது பாடித் தகட்டைச் சுத்தியலால் தட்டி உள்ளே தள்ளுவது. எனக்கு அதில் கடும் எதிர்ப்பு உண்டு. வண்டியைத் தொடுவதற்கு முன் குழாயை நகர்த்திப் பார்க்க வேண்டும். குழாய்த் துண்டுகள் சேரும் ஃப்ளாஞ்ச்களின் போல்ட்கள் எல்லாவற்றையும் தளர்த்தி, சைலன்சரை ரப்பர் ஹேங்கர்களில் சும்மா தொங்கவிட்டு, ஒவ்வொரு இணைப்பையும் சில டிகிரி திருப்பி, முன்னாலிருந்து பின்னால் வரிசையாக இறுக்கினேன். முன் ஃப்ளாஞ்சில் மிகச் சிறிய திருப்பம் கொடுத்தாலே பின்முனை விரல் அகலம் நகர்ந்துவிடும். அதிலேயே ஸ்வே பார் பிரச்சினை தீர்ந்தது. இடிக்கிறதே என்று கடினமான பாலியூரித்தேன் ஹேங்கருக்கு மாறச் சொல்பவர்களும் உண்டு. குழாய் ஆடாமல் நிற்கும் என்பது உண்மைதான், ஆனால் அதிர்வு முழுவதும் டிக்கித் தளத்தில் ஏறும். கம்பெனி வகை ரப்பர் புதிதாகப் போட்டாலே போதும். இருபது வருட ரப்பர் தொய்ந்து சைலன்சரையே தாழ்த்திவிடுகிறது.

ஹீட் ஷீல்டை வெட்டவே வேண்டாம். பெட்ரோல் டேங்க் சீட்டுக்குப் பின்னால், டிக்கிக்கு முன்னால் இருக்கிறது. அந்த மெல்லிய தகடுதான் நடுவில் காவல். கையால் மடித்தாலே வளைகிற அலுமினியம் அது. அதன் போல்ட் துளைகள் அரிப்பில் பெரிதாகி லொடலொடக்கும். அகலமான வாஷர் போட்டு இறுக்கினால் நின்றுவிடும்.

பம்பரில் வாய்க்கென்று இருக்கும் பள்ளம் கம்பெனிக் குழாய்க்கு அளவெடுத்தது. பெரிய வாய் வைத்தால் மேல்பக்கம்தான் கவனிக்க வேண்டும், சூடு மேலே ஏறும் என்பதால். நான் 20 மி.மீ.க்குக் குறையாமல் வைத்திருக்கிறேன், ஜூலை மாத நெரிசலில் நின்று நகர்ந்தும் பெயின்ட் கெடவில்லை. வாய் பம்பருக்கு உள்ளேயே முடிந்துவிடக் கூடாது, சற்று வெளியே நீட்டியிருக்க வேண்டும். கூரையை இறக்கி மெதுவாகப் போகும்போது பின்னால் சுழலும் காற்று புகையை உள்ளே இழுத்துவரும். வாய் உள்ளடங்கி இருந்தால் அது இன்னும் மோசமாகும்.

இனி ஹைவே ரீங்காரம். இதுவும் கடைசியில் இடப் பிரச்சினையாகத்தான் முடிந்தது. 401 நெடுஞ்சாலையில் 100 கி.மீ. வேகத்தில், ஐந்தாவது கியரில், இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்றுகளை ஒட்டி ஓடும். நான்கு சிலிண்டர் இன்ஜினில் ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு. அதாவது விநாடிக்கு 100. அந்த 100 ஹெர்ட்ஸ் ஒலி கேபினுக்குள் மண்டையைப் பிடிக்கும் ஊங்காரமாக வந்தது. மணிக்கணக்கில் ஓட்ட முடியாது. நார் அடைத்த ரெசனேட்டர் (குழாயில் கூடுதலாகச் சேர்க்கும் சிறு சைலன்சர்) கரகரப்பைக் குறைக்கும், இவ்வளவு தாழ்ந்த ஒலியை அதிகம் தொடாது. தாழ்ந்த ஒலிக்கு மருந்து, முனை அடைத்த கிளைக்குழாய். ஒலி அதன் உள்ளே போய் அடைப்பில் மோதித் திரும்பும்போது எதிர்க்கட்டத்தில், அதாவது அலையின் மேடும் பள்ளமும் தலைகீழாகி வந்து, வரும் ஒலியையே அழிக்கும். அதற்கு நீளம் அலைநீளத்தில் கால் பங்கு. கிளைக்குள் வாயு ஓடாததால் அது பிரதானக் குழாயைவிடக் குளிர்ந்திருக்கும். ஒலிவேகம் விநாடிக்கு 400 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஒரு மீட்டர் குழாய் வேண்டும்.

ஒரு மீட்டரை எங்கே வைப்பது? டனலில் வாய்ப்பே இல்லை. ஆனால் கம்பெனி சைலன்சர் குறுக்காக அகலமாகப் படுத்திருந்தது. புதியது உருளையாக வலது பாதியோடு நின்றுவிட்டது. இடது பாதி காலி. தெரிந்த வெல்டர் ஒருவர் சைலன்சருக்கு முன்னால் கிளை எடுத்து, யு வடிவில் மடித்து அந்தக் காலி இடத்தில் உட்கார வைத்தார். மடித்தாலும் வேலை செய்யும், நீளம்தான் கணக்கு. முனையை முதலில் மூடியும் கிளாம்பும் போட்டு விட்டு, ஓட்டிப் பார்த்து நீளத்தைத் திருத்திய பிறகுதான் வெல்டிங். கிளை பிரதானக் குழாயை நோக்கிச் சரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் நீர் தேங்கித் துருப்பிடிக்கும். ரீங்காரம் முழுதாகப் போகவில்லை, 120ஐத் தொடும்போது கொஞ்சம் எட்டிப் பார்க்கிறது. 100ல் கூரை மூடிய நிலையில் பக்கத்தில் இருப்பவரோடு சாதாரணக் குரலில் பேசலாம். இந்த முழு வேலையிலும் எனக்கு மிகவும் நிறைவு தந்தது இதுதான்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. ஒன்டாரியோவில் 2019 ஏப்ரலில் கார்களுக்கான புகைப் பரிசோதனை நின்றுவிட்டது என்பதற்காகக் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றலாம் என்று அர்த்தமில்லை. நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 75ஆம் பிரிவு சைலன்சர் ஒழுங்காக வேலை செய்ய வேண்டும், மிதமிஞ்சிய சத்தம் கூடாது என்கிறது. உள்ளே குடைந்தெடுத்த சைலன்சர், சைலன்சர் இல்லாத நேர்க்குழாய், சைலன்சரைத் தவிர்த்துப் போகும் பைபாஸ் எல்லாம் தடை.

ஒவ்வொரு வசந்தத்திலும் வண்டியை வெளியே எடுக்கும்போது ஃப்ளாஞ்ச் நட்களை ஒருமுறை சரிபார்க்கிறேன். முதல் சீசனில் சூடேறி ஆறியதில் இரண்டு தளர்ந்திருந்தன, அதற்குப் பிறகு இல்லை. இந்தக் குளிர்காலத்தில் பழைய இன்ஜின் மவுன்ட்களை மாற்றப் போகிறேன். புதியவற்றில் இன்ஜின் சற்று உயர்ந்து உட்காரும், குழாயின் முன்முனையும் கூடவே ஏறும். பின்பக்க இடைவெளிகள் எல்லாம் மாறியிருக்கும், ஆகவே ஃபாயில் உருண்டை வேலையை முதலிலிருந்து செய்ய வேண்டும்.