பணகுடி வெயிலிலும் காற்றிலும் எங்கள் மாடி சோலார்

வெயில் கொளுத்தக் கொளுத்த கரண்ட் கூடுதலாக வரும் என்றுதான் எங்கள் பக்கம் பலரும் நினைக்கிறார்கள். பணகுடியில் எங்கள் மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டுச் சில வருஷம் ஆகிறது. பார்த்தவரை, அக்னி நட்சத்திர மதியத்தைவிட மாசி மதியத்தில்தான் மீட்டர் கூடக் காட்டுகிறது. பேனலுக்கு வேண்டியது வெளிச்சம்தான், சூடு அதற்கு ஆகாது.

பேனலில் எழுதியிருக்கும் வாட் கணக்கு, உள்ளே கரண்ட் உண்டாக்கும் செல் 25 டிகிரியில் இருக்கும்போது அளந்தது. சித்திரை வெயிலில் அது 65 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும். 25க்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் பழைய ரகமான பாலி பேனல் சுமார் 0.4 சதவீதம் இழக்கும்; அடுத்து வந்த மோனோ பெர்க் ரகம் 0.35, புது ரகமான டாப்கான் 0.3. ஆக, 40 டிகிரி ஏறினால் பாலியில் 16 சதவீதம் போச்சு, டாப்கானில் 12. விலையும் வாரண்டியும் கேட்கிறவர்கள், டேட்டா ஷீட்டில் டெம்பரேச்சர் கோஎஃபிஷியன்ட் என்ற வரியையும் (டிகிரிக்கு இத்தனை சதவீத இழப்பு என்று சொல்வது அதுதான்) அவசியம் பாருங்கள். எங்களுடையது மோனோ பெர்க். இன்றைக்கு வாங்குவதென்றால் டாப்கான்தான்.

அப்புறம் ஸ்டேண்ட். தளத்தோடு ஒட்டிப் போட்டால் செலவு குறையும் என்றார்கள் ஒரு கடையில். எங்களுக்கு மாட்டிய தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. "அடியில காத்து ஓடணும்லா அண்ணாச்சி, இல்லன்னா பேனல் வெந்துரும்" என்றார். தாழ்ந்த பக்கமே இடுப்புயரம் வருகிற மாதிரி, தெற்கு பார்த்து 10 டிகிரி சாய்வில் அடித்துக் கொடுத்தார். நம் அட்சரேகைக்கு 8 டிகிரி சொச்சம் போதும்தான். ஆனால் சாய்வு அவ்வளவு குறைந்தால் மழைத்தண்ணீர் தூசியை இழுத்துப் போகாது, கீழ் விளிம்பில் சேறாகத் தங்கிவிடும்.

உயரம் கூடினால் காற்றுக்கும் வழி செய்ய வேண்டும். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்று லேசுப்பட்டதல்ல. முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்றுவது அதுதான். பேனலை அது அடியிலிருந்து தூக்கப் பார்க்கும். அதனால் கால்களுக்குக் கான்கிரீட் பீடம், குறுக்கே சட்டம், எல்லாம் ஜி.ஐ., அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு. ஒவ்வொரு நட்டிலும் போல்ட்டிலும் சேர்த்துப் பெயிண்டால் ஒரு கோடு இழுத்திருக்கிறேன். வைகாசியில் ஏறிப் பார்ப்பேன், கோடு விலகியிருந்தால் அந்த நட்டு இளகிவிட்டது என்று அர்த்தம், ஸ்பானர் போட வேண்டும். அந்த ஆடிக் காற்றேதான் பேனலைக் குளிர வைப்பதும்.

கழுவுவதற்கு போர் தண்ணீர் வேண்டாம். உப்பு காய்ந்து கண்ணாடியில் வெள்ளைப் படலம் பிடிக்கும். நல்ல தண்ணீரும் மெத்தென்ற துணியும் போதும், அதுவும் விடிகாலையில். சுட்ட கண்ணாடியில் பச்சைத் தண்ணீர் ஊற்றக்கூடாது. மயில் எச்சத்தை மட்டும் உடனே துடைத்துவிடுங்கள். மறைந்த செல் தனியாகச் சூடேறும்.

பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றுகிற இன்வெர்ட்டரை, சாயங்கால வெயில் அடிக்கும் மேற்குச் சுவரில் மாட்ட விடாதீர்கள். சூடேறினால் அது தானாகவே உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். எங்களுடையது மாடிப்படிக்கு அடியில், நிழலில் இருக்கிறது.