எட்டில் இரண்டு: சிகரிஸ்டின் மருத்துவ வரலாறு

மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்தும் எனக்கு, மருத்துவ வரலாற்றைப் பற்றி மாணவர்கள் ஏதாவது கேட்டால் சமூக மருத்துவப் பாடநூலின் முதல் அத்தியாயத்துக்கு மேல் சொல்வதற்கு ஒன்றும் இருந்ததில்லை. அந்தக் குறையைப் போக்கிக்கொள்ளவே, ஹென்றி சிகரிஸ்ட் ஆங்கிலத்தில் எழுதிய மருத்துவ வரலாற்றின் இரண்டு தொகுதிகளையும் இணையத்தில் பழைய புத்தகம் விற்கும் ஒருவரிடம் வாங்கினேன். ‘மிக நல்ல நிலையில் உள்ளது’ என்று அவர் குறிப்பிட்டிருந்த முதல் தொகுதி, முதுகுத் தையல் விட்டுப்போய், செய்தித்தாளில் மட்டும் சுற்றப்பட்டு வந்து சேர்ந்தது. ஏதோ ஒரு வெளிநாட்டு நூலகம் கழித்துவிட்ட பிரதி அது. கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருந்த தவணைச் சீட்டில் மூன்றே மூன்று தேதிகள் முத்திரையிடப்பட்டிருந்தன. பைண்டு செய்ய ஆன செலவு விற்றவர் கணக்கில் சேராது என்றாலும், வாங்கியதற்காக நான் வருந்தவில்லை.

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் முதல் தொகுதியை 1951இல் வெளியிட்டது. இரண்டாவது 1961இல், ஆசிரியர் மறைந்து நான்கு ஆண்டுகள் கழித்து வந்தது. திட்டமிட்டவையோ எட்டுத் தொகுதிகள். மீதி ஆறும் ஏன் எழுதப்படவில்லை என்பதை அறிய அவருடைய பணி வாழ்க்கையைப் பார்க்க வேண்டும். நூலின் நிறை குறை இரண்டுக்கும் காரணம் அதற்குள்ளேயே இருக்கிறது.

1891இல் பாரிஸில் சுவிஸ் பெற்றோருக்குப் பிறந்த சிகரிஸ்ட், முதலில் படிக்க முனைந்தது கீழை நாட்டு மொழிகளை. பிறகே மருத்துவத்துக்குத் திரும்பி 1917இல் சூரிச்சில் பட்டம் பெற்றார். நோயாளிகளைப் பார்க்கும் தொழிலுக்குள் நிலைகொள்ளாமல், லைப்சிக்கில் மருத்துவ வரலாற்றுக்கென்றே ஒரு நிறுவனத்தை வளர்த்திருந்த கார்ல் சூட்ஹாஃபிடம் சென்று, பழைய கையெழுத்துப் படிகளை ஒப்புநோக்கும் பயிற்சியைப் பெற்றார். 1925இல் சூட்ஹாஃபின் இடத்துக்கே வந்தார். 1932இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், வில்லியம் வெல்ச் தொடங்கிய மருத்துவ வரலாற்று நிறுவனத்தின் இயக்குநரானார். அடுத்த ஆண்டே அத்துறைக்கான ஆய்விதழையும் தொடங்கினார். ஒரு மருத்துவர், வரலாற்றையே முழுநேரக் கல்விப் பணியாகக் கொண்டு இவ்வளவு தூரம் போக முடியும் என்பது அக்காலத்தில் அமெரிக்காவுக்குப் புதிது.

இந்தப் பயிற்சியின் பலன் முதல் தொகுதியில் வரிக்கு வரி தெரிகிறது. மெசபொடோமியாவைப் (இன்றைய ஈராக் பகுதி) பற்றிய பகுதியை எழுத வந்தவர் எவரும் பாபிலோனிய மன்னர் ஹமுராபியின் சட்டத்தைத் தொடாமல் போக முடியாது. வெண்கலக் கத்தியால் அறுவை செய்து ஒருவரைப் பிழைக்க வைத்தால், அவர் உயர்குடியாக இருந்தால் 10 ஷெக்கல் (வெள்ளியின் எடை அளவு), சாதாரணக் குடியாக இருந்தால் 5, அடிமையாக இருந்தால் எஜமானர் தரவேண்டிய 2 என்று மருத்துவரின் கூலி அதில் வகுக்கப்பட்டிருக்கிறது. உயர்குடி மனிதர் இறந்துவிட்டால் மருத்துவரின் கை துண்டிக்கப்படும். நான் படித்த பாடநூல்கள் இதை ஒரு விநோதச் செய்தியாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். சிகரிஸ்டுடன் சேர்ந்து படிக்கும்போது, உடலுக்கு விலை வைத்த ஒரு சமூகத்தின் படிநிலை அங்கே கண்ணுக்குத் தெரிகிறது. பழைய எகிப்தின் அறுவை மருத்துவச் சுவடியான எட்வின் ஸ்மித் பாப்பிரஸில் வரும் 48 நோயாளிகளையும், ‘நான் மருத்துவம் செய்வேன்’, ‘நான் போராடிப் பார்ப்பேன்’, ‘மருத்துவம் செய்ய இயலாது’ என்று அந்தப் பழைய மருத்துவர் சொல்லிவைத்த மூன்று தீர்ப்புகளையும் இப்பார்வையோடு படித்த பிறகு, வார்டில் உறவினர்களிடம் நிலைமையை விளக்கும்போது நான் தேர்ந்தெடுக்கும் சொற்களைக் கவனிக்கத் தொடங்கியிருக்கிறேன்.

இதைவிட மேலானது நீண்ட முன்னுரை. பெரிய மருத்துவர்களின் வரிசையாக மட்டும் மருத்துவ வரலாற்றை எழுதக்கூடாது, மக்கள் உண்டதும் உடுத்ததும் உழைத்ததும் அதற்குள் வரவேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. நூலகத்துக்குள் மட்டும் இருந்தவருக்கு இது தோன்றியிருக்காது. சோவியத் மருத்துவ அமைப்பைப் பாராட்டி 1937இல் நூல் எழுதியவர் அவர். (அந்தப் பாராட்டில் கண்ணை மூடிக்கொண்ட பகுதி அதிகம் என்பது என் கருத்து.) 1944இல் கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்துக்குச் சுகாதாரத் திட்டம் வகுக்கப் போனார். அதே ஆண்டின் இறுதியில், சென்னை மருத்துவர் ஏ. லட்சுமணசாமி முதலியாரும் உறுப்பினராயிருந்த, இந்தியாவின் சுகாதார நிலையை ஆராய ஜோசப் போர் (Bhore) தலைமையில் அமைந்த குழுவின் அழைப்பில் இந்தியாவுக்கும் வந்து, இங்கே மருத்துவ வரலாற்றுக்கென ஓர் ஆய்வு நிறுவனம் வேண்டும் என்று பரிந்துரைத்தார். 1956இல் ஹைதராபாத் உஸ்மானியா மருத்துவக் கல்லூரியில் டி. வி. சுப்பா ரெட்டி பொறுப்பில் ஒரு மருத்துவ வரலாற்றுத் துறை அமைந்தது.

இத்தனைக்கும் நடுவே பெருநூலுக்கு நேரம் எங்கே? எழுதுவதற்காகவே 1947இல் பதவியை விட்டு, சுவிட்சர்லாந்தின் பூரா என்ற சிற்றூருக்குப் போனார். 1954இல் பக்கவாதம் தாக்கியது, 1957இல் காலமானார்.

கிரேக்கம், இந்தியா, பாரசீகம் ஆகியவற்றைச் சொல்லும் இரண்டாம் தொகுதியில், ஆசிரியர் கடைசியாக ஒருமுறை திருத்திப் பார்க்கவில்லை என்பது உறுத்துகிறது. இந்தியப் பகுதி சம்ஸ்கிருத நூல் மரபை ஒட்டியே போவதால், சித்த மருத்துவத்தைத் தேடி வருபவர்கள் ஏமாறுவார்கள். முதல் தொகுதியிலும் பழங்குடியினரைக் குறிக்கும் சொற்கள் இன்றைய வாசகருக்கு முகம் சுளிக்க வைக்கும்; பழைய எலும்புகளில் நோய்த் தடயம் தேடும் பகுதியை மரபணு ஆய்வுகள் பின்னுக்குத் தள்ளிவிட்டன.

இரண்டில் ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் முதல் தொகுதியை வாங்கலாம். ஆனால் முதுகுப் பக்கத்தின் படத்தை அனுப்பச் சொல்லிப் பார்த்த பிறகு பணம் கட்டுங்கள்.