ஐந்தாவது அண்டை கேலக்ஸியா, நிலையான வட்டமா?

ஒரு கேலக்ஸியின் சுற்றுப்புறத்தை அளக்க இரண்டு வழிகள் அதிகம் புழங்குகின்றன. இரண்டும் அளப்பது ஒன்றையே அல்ல.

முதல் வழியில், செந்நகர்வு வேகம் (ஒளி சிவப்புப் பக்கம் நகர்ந்திருப்பதிலிருந்து கணிக்கும் விலகு வேகம்) ±1000 கிமீ/வி வித்தியாசத்துக்குள் இருப்பவற்றில் ஐந்தாவது நெருங்கிய கேலக்ஸி வரையிலான தூரத்தை (d) எடுக்கிறோம். அடர்த்தி 5/πd². d 0.5 மெகாபார்செக் (ஒரு மெகாபார்செக் சுமார் 32.6 லட்சம் ஒளியாண்டு) என்றால் சதுர மெகாபார்செக்குக்கு சுமார் 6.4, d 2 என்றால் 0.4 மட்டுமே. கோமா போன்ற பெரிய கேலக்ஸிக் கொத்தில் ஐந்து அண்டைகளும் ஒரே கரும்பொருள் ஹாலோவுக்குள் (கேலக்ஸிகளைச் சூழ்ந்த, கண்ணுக்குத் தெரியாத பொருளின் திரள்) அகப்படும். மூன்றே உறுப்பினர் கொண்ட சிறு குழுவிலோ d பக்கத்து ஹாலோவுக்குத் தாவிவிடும். பலர் சறுக்குவது இங்கேதான். இன்னொரு சிக்கலும் உண்டு. ஸ்லோன் வானக் கணக்கெடுப்பின் தொடக்கக் கட்டங்களில், கேலக்ஸிகளின் ஒளியைச் செந்நகர்வு அளக்க எடுத்துச்செல்லும் ஒளியிழைகளில் இரண்டை ஒரே தட்டில் 55 வில்விநாடிக்குள் (ஒரு வில்விநாடி என்பது பாகையில் 3600-இல் ஒரு பங்கு) வைக்க முடியவில்லை. செந்நகர்வு 0.1-இல் அது சுமார் 100 கிலோபார்செக். இப்படிச் செந்நகர்வு அளக்கப்படாமல் விடுபட்ட அண்டைகளால் நெரிசலான இடத்தில் அடர்த்தி குறைந்து தெரியும்.

இரண்டாவது வழி, 8 மெகாபார்செக் போன்ற நிலையான ஆரத்துக்குள் எண்ணுவது. ஹாலோவைத் தாண்டி, கேலக்ஸிகள் நீளமாகக் கோத்து நிற்கும் அண்ட இழைகளையும் அவற்றுக்கிடையிலான வெற்றிடங்களையும் இது காட்டும். கணக்கெடுப்பின் ஓரத்தில் வட்டம் வெட்டுப்பட்டால் பரப்பின் விகிதத்தால் திருத்திவிடலாம். ஆரத்தைச் சுருக்கினால் வெற்றிடங்களில் எண்ணிக்கை 0, 1 என்றாகி, பிழை அளவையே விழுங்கிவிடும்.

கொத்துக்குள் நட்சத்திரப் பிறப்பு ஏன் நிற்கிறது என்று பார்க்க முதலாவதே சரி. ஒரே நிறையுள்ள ஹாலோக்களை வெளிச்சூழல் மாற்றுகிறதா என்பதற்கு இரண்டாவது. எதுவானாலும், அண்டைகளுக்கு ஒரே தனிப்பிரகாச வரம்பை (தொலைவைக் கழித்த உண்மைப் பிரகாசத்தில் ஒரே கீழ் எல்லை) வையுங்கள். தவறினால் தொலைவு கூடக்கூட எல்லாச் சூழலும் வெறிச்சோடியதாகத் தெரியும்.