இ.இசட்.எச்.2 (டி2சி9) ஆன்டிபாடி: பேண்ட் சுத்தம், லைசேட்டைத்தான் கவனிக்கணும்

டி.என்.ஏ. சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் எச்3 புரதத்தின் 27ஆவது இடத்து லைசினில் மெத்தில் ஏற்றும் நொதி இ.இசட்.எச்.2. அதைப் பார்க்க செல் சிக்னலிங் டெக்னாலஜி நிறுவனம் விற்கும் டி2சி9 முயல் மோனோகுளோனலை (ஒரே இலக்கில் ஒட்டும் ஆன்டிபாடி) வெஸ்டர்ன் பிளாட்டுக்கு (புரதங்களை ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்து, மெம்பரேனுக்கு மாற்றி, ஆன்டிபாடியால் தேடும் முறை) தயங்காமல் வாங்கலாம். மனிதன், சுண்டெலி, எலி மூன்றுக்கும் வேலை செய்யும்.

புதிதாகப் பயன்படுத்துபவர்களைக் குழப்புவது பேண்ட் (மெம்பரேனில் புரதம் தெரியும் கோடு) நிற்கும் இடம். அமினோ அமிலக் கணக்குப்படி எடை சுமார் 85 கிலோடால்டன். ஜெல்லில் 98-க்குப் பக்கத்தில் வரும். அதுதான் சரியான பேண்ட். அதே மெம்பரேனில் ஒட்டிய ஆன்டிபாடியைக் கழற்றிவிட்டு (ஸ்ட்ரிப் செய்து) கூட்டாளிப் புரதமான எஸ்.யு.இசட்.12-ஐத் தேடினால் அது 83-இல் வரும். ஸ்ட்ரிப்பிங் அரைகுறையானால் எது எதுவென்றே தெரியாது.

நீர்த்தல் 1:1000, 5% பி.எஸ்.ஏ. (மாட்டு அல்புமின் புரதம்) கலந்த டி.பி.எஸ்.டி. பஃபரில், 4 டிகிரியில் ராத்திரி முழுக்க. பிளாட்டுக்கு 10 மில்லி ஊற்றினால் 100 மைக்ரோலிட்டர் குப்பி பத்து தடவைதான் வரும். மெம்பரேனை அளவாக வெட்டி, பையில் போட்டு சீல் செய்தால் 3 மில்லி போதும்.

பேண்ட் மங்கினால் ஆன்டிபாடியைத் திட்டுவதற்கு முன் லைசேட்டை, அதாவது செல்களை உடைத்து எடுத்த கரைசலைப் பாருங்கள். இ.இசட்.எச்.2 குரோமாட்டினோடு (டி.என்.ஏ.வும் ஹிஸ்டோனும் சேர்ந்த பின்னல்) ஒட்டிக் கிடக்கும் புரதம். செல்களை உடைக்கும் ரிப்பா பஃபரில் கரைத்து நேரே சென்ட்ரிஃப்யூஜில் போட்டால், கோழை மாதிரி இழுபடும் டி.என்.ஏ.வோடு அதுவும் அடியில் போய்விடும். ஐஸில் வைத்து 10 விநாடி வீதம் மூன்று முறை சோனிகேட் செய்யுங்கள் (ஒலி அலையால் டி.என்.ஏ.வைத் துண்டாக்குவது). பிப்பெட் நுனியில் நூல் தொங்காமல் தண்ணீர் மாதிரி சொட்ட வேண்டும். தொங்கினால் இன்னொரு சுற்று. பிறகு 8% ஜெல், லேனுக்கு 20 மைக்ரோகிராம்.

பிரிந்து பெருகாத செல்களில் இந்த நொதி மிகக் குறைவு. வளர்ந்த எலியின் ஈரல் லைசேட்டை மட்டும் ஓட்டிவிட்டு "வேலை செய்யவில்லை" என்று முடிவு கட்டக்கூடாது. ஒப்பிட, பக்கத்து லேனில் வேகமாகப் பெருகும் ஹீலா புற்றுநோய் செல் லைசேட் இருக்கட்டும். திசுச் சீவலுக்கு டான்சில்தான் நல்ல கன்ட்ரோல்: ஜெர்மினல் சென்டர் (செல்கள் வேகமாகப் பெருகும் நடுப்பகுதி) கருமையாகவும் சுற்றியுள்ள மேன்டில் பகுதி வெளிறியும் தெரிய வேண்டும்.

இன்னொன்று, இது காட்டுவது நொதியின் அளவை, வேலையை அல்ல. டாஸெமெட்டோஸ்டாட் போன்ற தடுப்பான் நொதியின் வேலையை நிறுத்துமே தவிர, புரதத்தை அழிக்காது. மருந்து கொடுத்த பின்னும் பேண்ட் அப்படியே இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம்; குறைய வேண்டியது எச்3கே27எம்இ3, அதாவது அந்த 27ஆவது லைசினில் ஏறிய மூன்று மெத்தில். அதற்குத் தனி ஆன்டிபாடி, 0.2 மைக்ரான் மெம்பரேன் வேண்டும், ஏனென்றால் எச்3 சின்னது, ஜெல்லில் 17 கிலோடால்டன் பக்கம்தான் வரும், பெரிய துளை வழியே நழுவிவிடும்.

குப்பியில் 50% கிளிசரால் இருப்பதால் மைனஸ் 20-இல் உறையாது. பிரித்து வைக்கத் தேவையில்லை. ஆனால் தானாகப் பனி நீக்கும் ஃப்ரீசர் வேண்டாம், அதில் வெப்பநிலை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும்.

குறை என்றால், கரைசலிலேயே பி.எஸ்.ஏ. கலந்திருப்பது. ஆன்டிபாடியில் ஃப்ளோரோஃபோர் (ஒளிரும் சாயம்) ஒட்ட நினைப்பவர்களுக்கு இந்தக் குப்பி ஆகாது, சாயம் பி.எஸ்.ஏ. மேலும் போய் ஒட்டிக்கொள்ளும். பி.எஸ்.ஏ. இல்லாத வடிவத்தைக் கேட்டு வாங்குங்கள்.