சிங்கப்பூர் தேக்கா பக்கம் போன் பழுதுபார்க்கக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

அம்மாவின் போனில் கண்ணாடி உடைந்துவிட்டதென்று போன ஞாயிறு மாலை தேக்கா பக்கம் ஒரு சின்னக் கடையில் கொடுத்தேன். 90 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), அரை மணி நேரம் என்றார்கள். எழுதித் தரச் சொல்லிக் கேட்காமல் விட்டேன், அதுதான் தப்பு. திரும்பிப் போனால் போன் பிரித்துக் கிடக்கிறது, உள்ளே போர்டு போய்விட்டது, 380 வெள்ளி ஆகும் என்கிறார் முதலாளி. சரி, வேண்டாம், அப்படியே மாட்டிக் கொடுங்கள் என்றால், பிரித்ததற்கு 120 வெள்ளி வைத்தால்தான் போன் கைக்கு வருமாம்.

அப்போது உள்ளே வேலை செய்துகொண்டிருந்த தம்பி ஒருவர் மெதுவாக, "அண்ணே, போர்டு நல்லாத்தான் இருக்கு" என்றார். முதலாளி சிரித்தார். "அவன் புதுசு, அவனுக்கு என்ன தெரியும்?" அவ்வளவுதான், தம்பி குனிந்துகொண்டார். வரிசையில் நின்ற நாலைந்து பேருக்கும் அது காதில் விழுந்தது. ஒருவரும் வாய் திறக்கவில்லை, பெரியவர் ஒருவர் மட்டும், "கொடுத்துட்டுப் போங்க தம்பி, எதுக்கு வம்பு" என்றார். கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் வேறு கடையில் 85 வெள்ளிக்குக் கண்ணாடி மட்டும் மாற்றினேன், போன் நன்றாக வேலை செய்கிறது.

அன்று ரயிலில் வரும்போது, பொற்கொல்லன் சொன்ன பொய்யை நம்பிக் கோவலனைக் கொல்லப் பாண்டியன் அனுப்பிய சிலப்பதிகாரக் காவலர்கள்தான் மனதில் ஓடினார்கள். பெயர்கூட இல்லாதவர்கள். கோவலனைப் பார்த்ததுமே, இவன் கொலைப்படும் ஆள் இல்லை என்று சரியாகச் சொல்லிவிடுகிறார்கள். பொற்கொல்லன் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே, மந்திரம், மருந்து, நிமித்தம் என்று கள்வர்களின் எட்டுத் துணைகளை அடுக்குகிறான். அதற்குப் பிறகு அவர்கள் ஒரு சொல் மறுத்துப் பேசவில்லை, அவர்கள் நிற்கும்போதே குடித்திருந்த ஒருவன் வாளை வீசிவிடுகிறான். பள்ளியில் படித்தபோது பொற்கொல்லன் மேல் மட்டும்தான் எனக்குக் கோபம். இப்போது, தெரிந்தும் அடங்கிப் போன இவர்கள் மேல்தான் அதிகம் வருகிறது.

அந்தத் தம்பியை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் வேலை அந்த முதலாளி கையில் இருக்கிறது, அப்படியும் ஒரு வரி சொன்னார். கடையின் பெயரை இங்கே போடாததும் அவருக்காகத்தான். ஆனால் வரிசையில் நின்றவர்களுக்கு என்ன பயம்? இன்னொருவர் "அவர் சொல்றது சரிதானே" என்று கேட்டிருந்தால் போதும், நான் பணத்தை எடுத்திருக்கவே மாட்டேன்.

நீங்கள் போனைக் கொடுக்கும் முன் விலையையும், வேலை நடக்காவிட்டால் என்ன கட்டணம் என்பதையும் எழுதி வாங்குங்கள். உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். ஏமாந்துவிட்டால், 20,000 வெள்ளி வரையான வழக்கைச் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் 2 ஆண்டுக்குள் போடலாம், வழக்கறிஞர் வைக்க முடியாது, நாமே பேச வேண்டும்.

நான் போடப் போகிறேன். ரசீது இருக்கிறது, சாட்சி இல்லை. ஞாயிறு மாலை 5 மணி வாக்கில், பிரித்த போனைக் காட்டி ஒருவர் வாதாடியதைப் பார்த்தவர் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்.