மலைவீட்டுக் கேசட்டுகளுக்கு இண்டி: வினோ வீடியோ உள்ளீடு எந்த அளவுக்கு உதவும்?

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி வீடுகளின் பரணில் கிடக்கும் வி.எச்.எஸ். கேசட்டுகளை அந்தக் காலத்துக் கணினியிலேயே ஏற்றிப் பார்க்க விரும்புகிறவர்களுக்குச் சிலிக்கான் கிராபிக்ஸ் இண்டியைத் தாராளமாகச் சொல்லலாம். 1993இல் வந்த இந்த வொர்க்ஸ்டேஷனில் வீடியோவை உள்வாங்கத் தனி அட்டை தேவையில்லை. தாய்ப்பலகையிலேயே வினோ சிப் இருக்கிறது. காம்போசிட், எஸ்-வீடியோ, இண்டிகேம் கேமராவுக்கான டிஜிட்டல் போர்ட் என மூன்று வழிகள். வெளியீட்டுக்கு மட்டும் பெயரே கையை விரித்துவிடுகிறது: 'வீடியோ இன், நோ அவுட்'. டிவிக்குப் படம் அனுப்ப இண்டி வீடியோ அட்டையைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

வாங்குமுன் ஒரு கணக்குப் போடுங்கள். நம் ஊர் டிவி முறையான பால் (PAL) முறையில் முழுச் சட்டகம் 768×576. ஒரு புள்ளிக்கு 2 பைட். நொடிக்கு 25 சட்டகம். ஆக நொடிக்கு 22 எம்பி. உள்ளே இருக்கும் ஸ்கஸி, அதாவது டிஸ்க் இணைப்பின் உச்சவரம்பே நொடிக்கு 10 எம்பிதான். அதனால் முழு அளவுப் படத்தை நினைவகத்தில் மட்டுமே பிடிக்க முடியும். இயங்குதளம் எடுத்துக்கொள்வது போக, 64 எம்பி ரேமில் ஒன்றரை நொடி. உச்சமான 256 எம்பி போட்டாலும் பத்து நொடி அளவில் நின்றுவிடும். ரேம் 72 முனைப் பாரிட்டி சிம் (SIMM) பலகைகள், நான்கு நான்காகத்தான் போட வேண்டும்.

பாதி அளவு, அதாவது 384×288, இந்தப் பெட்டிக்கு இயல்பாகப் பொருந்துகிறது. பால் படத்தின் ஒரு ஃபீல்டில், அதாவது ஒன்றுவிட்டு ஒன்றாக வரும் வரிகள் சேர்ந்த பாதிச் சட்டகத்தில், 288 வரிகள்தான்; ஒரே ஃபீல்டை எடுத்தால் படகர்களின் ஹெத்தை ஹப்பா திருவிழா ஆட்டத்தின் வேகமான அசைவிலும் சீப்புப் பல் போன்ற கோடுகள் விழாது. நொடிக்கு 5.5 எம்பி ஆகும். பழைய டிஸ்க் திணறினால் சட்டகத்தை 12 ஆகக் குறையுங்கள். டிஸ்க்கில் பழைய ஈஎஃப்எஸ் கோப்பு முறை இருந்தால் ஒரு கோப்பு 2 ஜிபியைத் தாண்டாது, ஆறரை நிமிடத்தில் பதிவு அறுந்துவிடும். அதற்குப் பின் வந்த எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறையைப் போட்டுக்கொள்வது நல்லது.

கிராபிக்ஸ் 24 பிட்டாக இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். 8 பிட் பெட்டி மலிவாகக் கிடைக்கும், ஆனால் திரையில் வீடியோ புள்ளிபுள்ளியாகத் தெரியும். தேயிலைச் சரிவின் பச்சை வரிவரியாகப் பிரியும். மானிட்டர் சாக்கெட் 13டபிள்யூ3. சன் கணினிக்கான மாற்றி இதற்கு ஒத்துவராது, வயரிங் வேறு.

படம் வராவிட்டால் வீடியோ பேனலில் அமெரிக்க டிவி முறையான என்டிஎஸ்சி இருக்கிறதா பாருங்கள், பால் முறைக்கு மாற்றுங்கள். எஸ்-விஎச்எஸ் டெக் கிடைத்தால் எஸ்-வீடியோ வழியே கொடுங்கள், நிற ஓரங்களில் ஊரும் புள்ளிகள் போய்விடும். தேய்ந்த டேப்பில் சிங்க், அதாவது வரிகளை நேராக நிறுத்தும் சிக்னல், ஆடி, படம் கிழிந்து தெரியும். அதற்கு டெக்குக்கும் கணினிக்கும் இடையில் அந்த ஆட்டத்தைச் சீராக்கும் டைம்பேஸ் கரெக்டர் கருவி ஒன்றை வைப்பதே தீர்வு. மென்பொருளில் சரிசெய்ய வழியில்லை. ஒலியை லைன்-இன் வழியே தனியாகக் கொடுக்க வேண்டும். இண்டிகேம் 640×480, நொடிக்கு 30 சட்டகம். நம் 50 ஹெர்ட்ஸ் டியூப்லைட்டின் கீழ் படம் துடிக்கும். ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில் பயன்படுத்துங்கள்.

மலையில் பெரிய எதிரி ஈரம். டேப்பின் சுருளில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் ஓட்டவே கூடாது. ஹெட்டில் ஒட்டி அடுத்த டேப்புக்கும் பரவும். சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில் சில நாள் உலர்த்தி, சுத்தம் செய்த பிறகே டெக்கில் போடுங்கள். குளிர்ந்த அறையிலிருந்து வந்த டெக்கை உடனே இயக்காதீர்கள். ஹெட் சுழலும் டிரம்மில் பனி கோத்திருந்தால் டேப் ஒட்டிச் சுற்றிக்கொள்ளும். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். காற்று ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மெலிதாக இருப்பதால் விசிறி அள்ளும் சூடும் குறையும். காற்றுத் துளைகளை அடைக்காதீர்கள்.

கடைசியாக, டல்லாஸ் கடிகாரச் சிப்பைப் பாருங்கள். உள்ளே இருக்கும் பேட்டரி தீர்ந்தால் தேதியோடு, வலைப்பின்னலில் பெட்டியை அடையாளம் காட்டும் ஈதர்நெட் முகவரியும் அழிந்துவிடும். பெட்டியில் ஒட்டியிருக்கும் முகவரியை முதல் நாளே எழுதிவையுங்கள்.