பஸ் டிப்போ: வரிசையாக அடுக்குவதா, சாய்வாக நிறுத்துவதா?

பஸ் டிப்போ கட்டப் போகிறவர்கள் முதலில் கேட்பது "இந்த இடத்தில் எத்தனை பஸ் நிற்கும்?" என்பதைத்தான். அது ஒன்றுதான் கேள்வி என்றால், ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி நிறுத்தும் வரிசை முறை சுலபமாக ஜெயித்துவிடும். 12 மீட்டர் நீளமும் 2.55 மீட்டர் அகலமும் உள்ள பஸ்ஸுக்கு, பக்கக் கண்ணாடிக்கும் ஆள் நடக்கவும் சேர்த்து 13-க்கு 3.5 மீட்டர் ஒதுக்கினால் சுமார் 45 சதுர மீட்டரில் வேலை முடிந்தது. ஒவ்வொரு பஸ்ஸும் தனியாக வந்து தனியாகப் போகிற மாதிரி சாய்வாக நிறுத்தினால், நடுவில் விடும் ஓடுபாதையையும் சேர்த்து ஏறக்குறைய இரண்டு மடங்கு இடம் போகும்.

சரி, விடியற்காலை நாலரை மணிக்கு வரிசையின் முதல் பஸ்ஸில் பிரேக்குக்கான காற்றழுத்தம் ஏறவில்லை என்று வையுங்கள். பார்க்கிங் பிரேக்கை ஸ்பிரிங் இறுக்கிப் பிடித்திருக்கும், காற்று ஏறினால்தான் விடும், ஆட்களை வைத்துத் தள்ளவும் முடியாது. பின்னால் நிற்கிற அத்தனை பஸ்ஸும் இருட்டில் ஒவ்வொன்றாக ரிவர்ஸ் எடுத்துத்தான் வெளியே வர வேண்டும். அதோடு, வரிசையில் முதலில் நுழைந்ததுதான் முதலில் கிளம்பும் என்பதால், எந்த பஸ் எந்த ரூட்டுக்கு என்பதை முந்தின இரவே யோசித்து நிறுத்த ஓர் ஆள் வேண்டும். சாய்வு முறையில் இந்தப் பேச்சே இல்லை.

எல்லா பஸ்ஸும் ஒரே ரகம், எதை வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் அனுப்பலாம் என்றால் நான் வரிசைக்குத்தான் போவேன், அதுவும் ஒரு வரிசைக்கு நாலைந்துக்கு மேல் இல்லாமல். மினி பஸ், நடுவில் மடங்கும் 18 மீட்டர் இணைப்பு பஸ் என்று கலந்து ஓடினால் சாய்வுதான்.

மின்சார பஸ் வந்தபிறகு இந்தக் கணக்கு இன்னும் சாய்வின் பக்கம் நகர்கிறது. வரிசையில் நிற்கும் பஸ்களுக்குத் தரையில் சார்ஜர் வைக்க இடமில்லை, மேலே சட்டம் கட்டிக் கேபிளைத் தொங்கவிட வேண்டும், அந்தச் சட்டத்தின் தூண்கள் மிச்சம் பிடித்த அகலத்தில் கொஞ்சத்தைத் தின்றுவிடும். முன்னால் நிற்பது முழுதாக சார்ஜ் ஆகாவிட்டால் பின்னால் நிற்பவையும் சிக்கிக்கொள்ளும். இதெல்லாம் போக, பேட்டரியில் தீப்பிடித்தால் நெருக்கி நிறுத்திய வரிசையில் பக்கத்து பஸ்ஸை நகர்த்த வழியே இருக்காது. எனக்கு இதுதான் பெரிய கவலை.

அடுத்த சண்டை, பஸ்ஸின் அடிப்பக்கத்தைப் பார்க்கக் குழியா லிஃப்டா? தினசரிப் பரிசோதனைக்குக் குழிதான் வேகம்: பஸ்ஸை மேலே ஓட்டி நிறுத்தினால் மெக்கானிக் உடனே கீழே நின்று பார்க்கலாம். ஆனால் டீசல் போன்ற எரிபொருளின் ஆவி காற்றைவிடக் கனமானது, போய்க் குழியில்தான் தங்கும், அதனால் காற்றோட்டம் கட்டாயம். சக்கரத்தைக் கழற்றவோ பிரேக் வேலைக்கோ நகரும் தூண் லிஃப்ட் (பஸ்ஸைச் சுற்றி நிறுத்தித் தூக்கும் தூண்கள்) வசதி, பொருத்தக் கொஞ்சம் நேரம் பிடித்தாலும். தரை மேடுபள்ளம் இல்லாமலும், தூண் நிற்கும் இடத்தில் பாரம் தாங்கும்படியும் இருக்க வேண்டும். இரண்டிலும் கொஞ்சம் வைத்துக்கொள்வதே நல்லது.

இந்தச் சண்டையில் பலர் பஸ்ஸின் கூரையை மறந்துவிடுகிறார்கள். பல மின்சார பஸ்களில் பேட்டரியும், பல சிஎன்ஜி (அழுத்தி அடைத்த இயற்கை எரிவாயு) பஸ்களில் சிலிண்டரும் மேலேதான் இருக்கின்றன. கைப்பிடி போட்ட மேடை, பாரம் தூக்கும் கிரேன், இரண்டுக்கும் போதுமான உயரம் எல்லாம் முதல் வரைபடத்திலேயே வர வேண்டும். சிஎன்ஜி காற்றைவிட லேசானது, கசிந்தால் மேலே போய்த் தேங்கும், ஆகவே அதைக் கண்டுபிடிக்கும் சென்சாரும் கட்டடத்தின் கூரையை ஒட்டித்தான் இருக்க வேண்டும்.